பதின்மூன்று அங்குலம்

எங்கள் கல்லூரியின் பழைய பேட்டரி காரில் ஏற, என் இடது காலை ஒன்பது அங்குலம் தூக்கினால் போதும். இதை அளந்தே வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் திருத்த வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து, ஷெட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கரும்பலகையில் கோடு போடும் மர அளவுகோலைத் தரையில் நிறுத்திப் பார்த்தேன். வலது பக்கம் பன்னிரண்டு. இடது பக்கம் ஒன்பது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் நொந்து உட்கார்ந்துவிட்டதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்வின் மேல்தான் மூன்று வருடமாக என் வேலை நின்றுகொண்டிருக்கிறது.

என் தொடைத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. விழுப்புரத்தில் நரம்பு டாக்டர் அந்த நோயின் நீளமான பெயரைச் சீட்டில் எழுதிக்கொடுத்து, "இதுக்கு மருந்து கிடையாதும்மா. கீழ விழாமப் பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து நான் செய்வது அது ஒன்றைத்தான். கீழே விழாமல் பார்த்துக்கொள்வது. அதைவிட முக்கியமாக, விழக்கூடியவள் என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

திண்டிவனத்தில் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறுவேன். கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியின் கேட்டில் இறங்குவேன். வெளி வண்டிகள் கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. கேட்டிலிருந்து கணிதத் துறைக் கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பெரியதம்பி அண்ணன் பேட்டரி காரோடு நிற்பார். இடது கையால் கம்பியைப் பிடித்து, காலை வைத்து, மூச்சை அடக்கி, உடம்பை இழுத்து உட்கார்ந்துவிடுவேன். என் வகுப்புகளை எல்லாம் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டேன். மாடியில் செல்போன் சிக்னல் இல்லை, மகள் சென்னையில் படிக்கிறாள் என்று ஏதோ காரணம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. அதனால் வகுப்பில் உட்காருவதே இல்லை. ஐம்பது நிமிடமும் நின்றே பாடம் நடத்துகிற அருணா மேடம் என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சுறுசுறுப்பாம். போன வருடம் சிறந்த ஆசிரியர் விருதுகூடக் கொடுத்தார்கள். மேடைக்கு ஐந்து படிகள் இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

பழைய காரின் பேட்டரி இந்த வருடம் மதியத்துக்குள் செத்துப்போக ஆரம்பித்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பொம்மையார்பாளையத்தில் மூடப்பட்ட ஒரு கடற்கரை விடுதியிலிருந்து சல்லிசாக வாங்கியது அது. உப்புக்காற்றில் அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தது. புதிது வாங்குவதா, பழையதைச் சரிசெய்வதா என்று முடிவெடுக்கக் கல்லூரிச் செயலர் தென்னரசு மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டார். அவர், வணிகவியல் துறை கலையரசி, நான். "கணக்கு மேடம் இருந்தா விலை கிலையெல்லாம் கரெக்டா பார்ப்பாங்க" என்றார். வகைக்கெழுச் சமன்பாடு நடத்துகிறவளிடம்தான் இந்த ஊரில் எல்லோரும் வட்டிக் கணக்கு கேட்பார்கள்.

புது வண்டியின் விவரத்தாள் வந்தது. அதில் கோல்ஃப் கார்ட் என்று போட்டு, பச்சைப் புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு அதை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் தரையிலிருந்து தளத்தின் உயரம் என்று ஒரு வரி இருந்தது. பதின்மூன்று அங்குலம்.

அன்று வீட்டில் குளியலறை வாசலில் நான்கு டெலிபோன் டைரக்டரிகளையும் ஒரு அகராதியையும் அடுக்கிப் பதின்மூன்று அங்குலம் ஆக்கிப் பார்த்தேன். கால் ஒன்பது அங்குலம் போய் நின்றுவிட்டது. அது என் கால் போலவே இல்லை. யாருடைய காலோ, நான் சொல்வது அதற்குக் கேட்கவில்லை.

குழுக் கூட்டத்தில் நான் பேசியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பழையதைச் சரிசெய்வதே சிக்கனம் என்றேன். சுற்றுச்சூழல் என்றேன். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது மறுபயன்பாட்டுக்கு மதிப்பெண் உண்டு என்றேன்.

"மேடம், நீங்க ஏன் அந்த ஓட்ட வண்டியவே கட்டிக்கினு அழுவுறீங்க?" என்று தென்னரசு சிரித்தார். "எங்க அம்மாகூட கேட்டாங்க, அருணாவுக்கு அதுல எதனா பங்கு இருக்குதாடான்னு."

அவருடைய அம்மா கெங்கம்மாள்தான் கல்லூரியின் தாளாளர். எனக்கு முகம் சிவந்தது. கலையரசி எனக்காகப் பேசினாள். "இல்ல சார், மேடம் சொல்றதும் சரிதான். பேட்டரி மட்டும் மாத்தினா போதுமே." அவளுக்கு ஐந்தாம் மாதம். அவளும் தினமும் அதே காரில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாள். கடைசியில் தென்னரசு இறங்கி வந்தார். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு மதிப்பீடு வாங்குவோம், புதிதையும் ஒருநாள் ஓட்டிப் பார்ப்போம், பிறகு முடிவு.

மதிப்பீடு வந்தது. லித்தியம் பேட்டரி, கன்ட்ரோலர், பிரேக். அதற்குக் கீழே, ஸ்பிரிங் பட்டை நான்கும் மாற்ற வேண்டும் என்று இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழையதைச் சரிசெய்தாலும் அது நிமிர்ந்துவிடும். நான் எந்த வண்டிக்காகச் சண்டை போட்டேனோ அதுவும் எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது புதிய வண்டி இல்லை, பழைய வண்டியும் இல்லை. அந்தப் பழுது மட்டும்தான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க விழுப்புரம் போனபோது, வாடகைக் காரைப் புதுச்சேரி சாலையில் இருந்த சீனுவாசனின் கடைக்கு விடச் சொன்னேன். மதிப்பீடு கொடுத்தவரும் புது வண்டியை விற்பவரும் அவர்தான். கடைக்கு மூன்று படிகள். நான் காரிலேயே உட்கார்ந்துகொண்டு அவரை வெளியே கூப்பிட்டு அனுப்பினேன். பெரிய இடத்து அம்மா என்று நினைத்திருப்பார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னா மேடம், நேர்லயே வந்துட்டீங்க! போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன் இல்ல?"

"இதுல ஸ்பிரிங் பட்டை எதுக்குங்க?"

"எதுக்கா? வண்டி ஒரு பக்கமா படுத்துக்கினு கெடக்குது மேடம். நாலும் மாத்தினா ஜம்முனு தூக்கிக்கும்."

"தூக்க வேணாம்."

"இன்னாது?"

"பேட்டரி, கன்ட்ரோலர், பிரேக். அது போதும். பட்டை வேணாம். புதுசா ஒரு மதிப்பீடு எழுதிக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சேரனைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க. பழைய பேட்டரியில ஆமை மாதிரி போச்சு, சரி. லித்தியம் போட்டா பிச்சிக்கினு போவும். சாஞ்ச வண்டி வளைவுல திரும்பினா இன்னா ஆவும்? பத்தாயிரம் இருபதாயிரம் மிச்சம் புடிச்சி இன்னா மேடம், கோட்டையா கட்டப் போறீங்க?"

"எழுதிக் குடுங்க" என்றேன்.

எழுதிக் கொடுத்தார். பட்டை இல்லாத அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். கடையில் எதையோ எடுத்துக்கொண்டு நழுவுகிறவளைப் போல இருந்தது எனக்கு.

விக்கிரவாண்டி தாண்டியது. சேரன் ஜன்னலைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணு மாசமா இருக்குதுன்னு நீதான சொன்ன?" என்றார்.

"பெரியதம்பி அண்ணன் மெதுவாத்தான் ஓட்டுவாரு."

"சொல்லிடு அருணா. கால் முடியலன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான?"

"சொன்னா?"

போன வருடம் இயற்பியல் துறையில் ஒருவருக்குக் கண் பார்வை மங்கியது. அவர் சொன்னார். எல்லோரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சால்வை போர்த்தி, ஓய்வெடுங்கள் என்று அன்பாகவே அனுப்பிவைத்தார்கள். ஆனால் அதுகூட முழு உண்மை இல்லை. வேலை போகும் என்ற பயம் மேல் அடுக்கு. அதற்குக் கீழே வேறொன்று இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்கும்போது எனக்கு நோய் இல்லை. அறுபது பிள்ளைகளின் கண்களில் நான் நோயில்லாதவள். உலகத்தில் நான் இன்னும் முழுதாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதற்காகக் கலையரசியின் வயிற்றுப் பிள்ளையை ஒரு சாய்ந்த வண்டியில் ஏற்றத் துணிந்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டேன். ஆம் என்று பதில் வந்தது. யோசிக்காமல், உடனே வந்தது. அந்த வேகம்தான் என்னை அச்சுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் பேட்டரி கார் இல்லை.

"எல்லாரும் ஆபீஸ் பக்கம் இருக்குறாங்க மேடம். புது வண்டி வந்திருக்குது" என்றார் வாட்ச்மேன். ஓட்டிப் பார்க்கும் நாள் அன்றுதான். அலுவலகக் கட்டடம் கேட்டிலிருந்து இருநூறு மீட்டர். நல்ல நாளில் என்னால் முடிகிற தூரம் அவ்வளவே. பையில் பட்டை இல்லாத மதிப்பீட்டோடு நடந்தேன். போர்ட்டிகோவின் சாய்தளத்தில் கைப்பிடியைப் பிடித்து மேலே வந்து சேர்ந்தபோது தொடைகள் இரண்டும் ஈரத்துணி போல ஆகியிருந்தன.

அங்கே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

புது வண்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கூரைக் கம்பிகளில் சாமந்தி மாலை. தரையில் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. சக்கரங்களுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கியிருந்தன. பெரியதம்பி அண்ணன் குளித்து, மயிலம் கோயில் விபூதி பூசி, தட்டோடு நின்றிருந்தார். சீனுவாசன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உன்ன யாருய்யா பூச போடச் சொன்னது? ஓட்டிப் பாக்கத்தான கொண்டாந்தேன்!"

"எனக்கு யாரு சொன்னாங்க?" என்றார் பெரியதம்பி அண்ணன். "புது வண்டி. வெள்ளிக்கெழம. சும்மா ஓட்டுவாங்களா? பூ, பூசணி எல்லாம் என் கைக்காசு போட்டுக் கூட்டேரிப்பட்டுல வாங்கியாந்தேன்."

"எலுமிச்சம்பழத்து மேல ஏத்தின வண்டிய வேற யாருக்குய்யா புதுசுன்னு விப்பேன்? டயர்ல பாரு, கொட்டையெல்லாம் ஒட்டிக்கினு கெடக்குது!"

"தொடச்சிக் குடுக்கட்டா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தென்னரசு அலைபேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் கெங்கம்மாளின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "பூச போட்ட வண்டிய திருப்பி அனுப்புறதா? நல்லா கேட்ட போ! காலேஜு வாசல்ல வந்த லட்சுமிடா அது. செக்கு போட்டுக் குடுத்துடு."

குழு முடிந்தது. மூன்று மாதம் நான் சொன்ன பொய்கள், விழுப்புரம், பையில் இருந்த தாள் எல்லாவற்றையும் நான்கு எலுமிச்சம்பழங்கள் முடித்துவைத்தன. கலையரசி என் காதருகே, "நல்லதாப் போச்சு மேடம், பழசுல எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. உங்களுக்காகத்தான் சொல்லல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அருணா மேடம்!" தென்னரசு கையைத் தட்டினார். "பழசுக்கு மல்லுக்கு நின்னவங்கதான் புதுசுல மொதல்ல ஏறணும். வாங்க வாங்க. மொத சவாரி நீங்கதான்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பது பேராவது இருப்பார்கள். முதல் சவாரியை மறுக்கக்கூடாது. கெங்கம்மாள் வேறு இன்னும் அலைபேசியில் இருந்தார். ஏறினால் எல்லோர் முன்னாலும் என் கால் பாதியில் நிற்கும். கீழே விழுந்துவிடலாமா, மயக்கம் என்று சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பதும் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். பெரியதம்பி அண்ணன் வண்டியைப் போர்ட்டிகோ ஓரமாக ஒட்டி நிறுத்தியிருந்தார். நான் நின்றிருந்த சிமெண்டுத் தரையும் வண்டியின் தளமும் ஒரே உயரம். ஓர் அடி எடுத்து வைத்தேன். காலைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. கம்பியைப் பிடித்து, கைகளால் உடம்பைத் தாங்கி, பிளாஸ்டிக் சரசரக்க உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையான சிரிப்பு. தப்பித்துவிட்டேன்.

"கணக்கு டிபார்ட்மெண்டுக்கு விடுங்கண்ணா, முதல் பீரியட் இருக்கு" என்றேன், மகாராணி மாதிரி.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. வேப்பமரங்களுக்கு நடுவே காற்று முகத்தில் அடித்தது. மாலையிலிருந்து இதழ்கள் மடியில் விழுந்தன. இரண்டு நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். நூலகம் தாண்டி வளைந்ததும் கணிதத் துறைக் கட்டடம் தெரிந்தது. அதன் முன்னால் வெறும் தார்ச்சாலை. திண்டு இல்லை. சாய்தளம் வாசலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டியிலிருந்து தரைக்குப் பதின்மூன்று அங்குலம். அவ்வளவு ஆழத்துக்கு ஒரு காலை இறக்கினால் மேலே நிற்கும் கால் மடங்கிவிடும். ஏறுவதைப் பற்றி மட்டுமே மூன்று மாதம் நினைத்திருந்தேன். இறங்குவதை நினைக்கவே இல்லை.

"நிறுத்தாதீங்கண்ணா. இன்னொரு சுத்து போங்க."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தீங்களா! உங்களுக்கே ஆச வந்துடுச்சி. சும்மா வழுக்கிக்கினு போவுது இல்ல மேடம்?"

கல்லூரியைச் சுற்றும் சாலை இரண்டு கிலோமீட்டர். அலுவலகத்துக்குத் திரும்பிப் போர்ட்டிகோவில் இறங்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் நிற்கிறார்கள். ஏன் வந்தீர்கள் என்பார்கள். அங்கிருந்து வகுப்புக்கு எழுநூறு மீட்டர் யார் நடப்பது? இன்று எப்படியோ போகட்டும். நாளை? ஒருமுறை சார்ஜ் செய்தால் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று சீனுவாசன் சொல்லியிருந்தார். நாற்பது சுற்று. அதுவரை நான் இறங்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கை மனம் தானாகவே போட்டது. போட்டு முடித்ததும் பயந்துபோனேன்.

இரண்டாவது முறை கட்டடத்தைக் கடந்தபோது மணி அடித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வாசலுக்கு வந்து, "மேடம், டாட்டா!" என்று கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன்.

மூன்றாவது சுற்றில், விடுதிக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், "அண்ணா, என்னால எறங்க முடியாது" என்றேன்.

"இன்னும் ஒரு சுத்தா மேடம்? செயலர் பாத்தா திட்டுவாரு."

"இல்லண்ணா. கால் வராது. எறக்கினா மடங்கிடும். ஏறவும் முடியாது. மூணு வருஷமா இப்படித்தான்."

அவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். என் முகத்தை, பிறகு கால்களை. பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"அட இன்னா மேடம் நீங்க! மொதல்லயே சொல்லி இருந்தா நாலு செங்கல்லு போட்டிருப்பேனே? இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

செங்கல். அது எனக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? அளவுகோலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனவளுக்கு? தோன்றியிருக்கும். முதல் வாரமே தோன்றியிருக்கும். அதைப் பக்கத்தில் வரவிடாமல் வைத்திருந்தேன். செங்கல் போட்டால் அது அங்கேயே கிடக்கும். கேட்டில் நான்கு, வாசலில் நான்கு. மழையிலும் வெயிலிலும், நான் இல்லாத நேரத்திலும் கிடக்கும். யாருக்கு என்று ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் கேட்பார்கள், பழைய பிள்ளைகள் சொல்வார்கள்.

"வேணாம்ணா" என்றேன். "அலுவலகத்துக்கே விடுங்க. இன்னிக்கு லீவு சொல்லிடறேன்."

"எதுக்கு லீவு? புது ஹாஸ்டலு கட்டுற எடத்துல குமிஞ்சி கெடக்குது. இருங்க, ஜல்தியா வந்துடறேன்."

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வண்டியைக் கணிதத் துறை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைலாகு கொடுக்காமல், வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார். நான் மாலை போட்ட வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சூப்பரா இருக்கு மேடம்!"

"எறங்குங்க மேடம், கிளாஸ் டைம் ஆச்சு. நேத்து மேட்ரிக்ஸ் பாதில நிக்குது."

"உள்ள போங்க. வரேன்" என்றேன்.

யாரும் போகவில்லை. நான் ஏன் இறங்கவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பியைப் பிடித்திருந்த என் கை வியர்த்து வழுக்கியது. சாலையின் கோடியில் பெரியதம்பி அண்ணன் தெரிந்தார். தோளில் இரண்டு, கையில் இரண்டு செங்கல்கள். சிவப்புத் தூள் வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணா கல்லு?" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் கிட்டே வந்து சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே, வகுப்பறை ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி, "மேடத்துக்குக் கால் முடியலடா! மூணு வருஷமாம்! நவுருங்க, நவுருங்க!" என்றார்.

அவர் குனிந்து செங்கல்களை இரண்டிரண்டாக அடுக்கினார். மேலே ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார். "ம்ம், ஆடாது. வாங்க மேடம்."

நான் காலை நீட்டினேன். முன்வரிசையில் உட்காரும் ரோஜா, தேர்வில் அரை மதிப்பெண்ணுக்காக என்னோடு சண்டை போடுகிறவள், ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து மேடம்" என்றாள். "மெதுவா."

அந்தக் குரலில் அவள் என்னோடு இதுவரை பேசியதே இல்லை. நான் செங்கல்லின் மேல் காலை வைத்தேன்.